தனக்குத் தானே சான்றாகும் பேரெண்

செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே அமைந்த திருக்கழுக்குன்றத்தில் முதலாம் ஆதித்த சோழனின் 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. களத்தூர்க் கோட்டத்தைச் சேர்ந்த இவ்வூர்க் கோயிலுக்குக் கந்தசிஷ்யன் என்னும் முற்காலப் பல்லவ மன்னன் நிலம் விட்டான். வாதாபி கொண்ட நரசிங்கவர்மன் அக்கொடையை அவ்வாறே காத்தான். ஆதித்தன் அதனை மீண்டும் உறுதி செய்தான் என்பது அக்கல்வெட்டின் செய்தி. கந்தசிஷ்யன் அளித்த மூல ஆவணம் இன்று இல்லை. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டிய சோழர் கல்லே அப்பழைய கொடைக்குச் சான்றாக நிற்கிறது. மூலம் மறைந்து, பின்னோர் எழுதியதன் வாயிலாக மட்டுமே அறியப்படும் செய்திகள் நம் வரலாற்றில் மிகப் பல.

பல்லவர் ஆட்சியின்போது தமிழகத்தில் தோன்றிய சமண நூல் ஒன்றுக்கும் இதே நிலை நேர்ந்தது. அந்நூலின் பெயர் லோகவிபாகம். உலகத்தின் அமைப்பையும் அளவையும் கூறும் நூல் அது. அதன் பிராகிருத மூலம் கிடைக்கவில்லை. பின்னாளில் சிம்மசூரி என்பவர் சமஸ்கிருதத்தில் பெயர்த்தெழுதிய நூலே கிடைத்துள்ளது. அந்நூலில் வரும் பேரெண் ஒன்று கணித வரலாற்றை எழுதுவோரின் கவனத்தை உலகெங்கும் ஈர்த்துள்ளது. அவ்வெண்ணின் இயல்புகளை ஆராய்ந்தால், ஏடு அழிந்தாலும் எழுத்து சிதைந்தாலும் தன் உண்மையைத் தானே காட்டும் ஆற்றல் அதற்கு உண்டு என்பது விளங்கும்.

பாடலிகையில் சர்வநந்தி முனிவர்

லோகவிபாகத்தின் இறுதியில் மூலநூல் தோன்றிய காலமும் இடமும் சொல்லப்பட்டுள்ளன. பாண ராட்டிரத்தில் பாடலிகை என்னும் ஊரில் சர்வநந்தி முனிவர் அதனை எழுதினார். காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு. சக ஆண்டு 380. அது கி.பி. 458 ஆகும். சனி உத்திராடத்திலும், வியாழன் இடபத்திலும், வளர்பிறைத் திங்கள் உத்திரத்திலும் நின்ற நாள் என்று கோள்நிலையும் குறிக்கப்பட்டுள்ளது. அரசன் பெயர், ஆட்சியாண்டு, சக ஆண்டு, கோள்நிலை ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த குறிப்பு அக்காலத்து நூல்களில் அரிது. முற்காலப் பல்லவர் ஆட்சியாண்டுகளை வரையறுக்க வரலாற்றாசிரியர்கள் நாடும் முதன்மைச் சான்றுகளுள் இதுவும் ஒன்று.

பாடலிகை என்பது இன்றைய கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூர் என ஆய்வாளர் கொள்வர். தருமசேனர் என்னும் பெயரோடு திருநாவுக்கரசர் சமண முனிவருடன் வாழ்ந்த இடமாகப் பெரியபுராணம் குறிக்கும் பாடலிபுத்திரமும் இதுவே. அவ்வகையில், தமிழ்நாட்டின் கடற்கரை ஊர் ஒன்றில் இருந்த சமணக் கல்விநிலையத்தின் உழைப்பாக லோகவிபாகத்தைக் கருதலாம். நூலின் அளவு 1536 சுலோகங்கள் என்பதையும் நூலே எண்ணிச் சொல்கிறது. ஏடு பெயர்த்தெழுதுவோர் ஒரு பாடலை விட்டாலும் கண்டுகொள்ள அவ்வெண்ணிக்கை உதவும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். இப்போது கிடைக்கும் சமஸ்கிருத நூலில் திரிலோகசாரம் போன்ற பிற்கால நூல்களின் பாடல்கள் மேற்கோளாக வருகின்றன. எனவே சிம்மசூரியின் பெயர்ப்பு 10ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது. கி.பி. 458 என்பது சர்வநந்தியின் மூலத்துக்கு உரிய காலம். 'சூனியத்தை முதலில் எழுதியவர்கள் நாங்களே' என்று மேடையில் முழங்குவதற்கு முன் இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்வது நம் மரபுக்கு இழுக்கன்று, பெருமையே ஆகும். உள்ளதை உள்ளவாறு காண்பதையே நற்காட்சி என்கிறது நம் அறம்.

அந்தப் பேரெண்

லோகவிபாகம் குறிக்கும் அவ்வெண் 13,10,72,00,000 ஆகும். அதாவது 1310 கோடியே 72 லட்சம். நூல் இதனைக் கோடி, லட்சம் என்ற சொற்களால் கூறவில்லை. ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கி இடப்புறமாக ஒவ்வோர் இடத்தின் இலக்கத்தையும் வரிசையாகச் சொல்கிறது. முதல் ஐந்து இடங்களும் சூனியம்; அடுத்து இரண்டு; அடுத்து ஏழு; அதன்பின் மீண்டும் ஒரு சூனியம்; பின்னர் ஒன்று, மூன்று, ஒன்று. நடுவில் வரும் சூனியத்துக்கு ஆகாயம் என்னும் பொருள்படும் அம்பரம் என்ற சொல் ஆளப்பட்டுள்ளது.

இங்கே கருதத்தக்கது அந்த நடுச் சூனியமே. இறுதியில் உள்ள ஐந்து சூனியங்களை 'லட்சம்' என்ற ஒரு சொல்லால் சொல்லிவிட முடியும். ஆனால் 131072 என்னும் எண்ணின் நடுவே நிற்கும் சூனியத்தை விட்டுவிட்டால் எண் 13172 ஆகிவிடும். ஒன்றுமில்லாத இடத்தையும் ஓர் இடமாக எண்ணிச் சொல்லும் முறை வழக்கில் இருந்தாலன்றி இவ்வாறு கூற இயலாது. இதுவே இடமதிப்பு முறை.

பழைய தமிழ் எண்குறிகள் வேறு வகையின. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் இருந்தன. 137 என்பதை ௱௩௰௭ என்று எழுதினர். அம்முறையில் சூனியத்துக்குத் தேவையே எழவில்லை. பேரெண்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கமும் தமிழில் தொன்மையானது. ஐ, அம், பல் என முடியும் எண்ணுப்பெயர்களைத் தொல்காப்பியம் குறிப்பிடுகிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என உரையாசிரியர்கள் அவற்றுக்கு எடுத்துக்காட்டுத் தருவர். பெயர் வைத்து எண்ணுவது ஒரு முறை. இடம் வைத்து எண்ணுவது மற்றொரு முறை. இரண்டாவது முறையில் எண் எத்துணைப் பெரிதாயினும் பத்துச் சொற்களே போதும்.

இந்தியக் கல்வெட்டுகளில் சூனியக்குறியோடு காணப்படும் புகழ்பெற்ற எண்கள் குவாலியர்ச் சதுர்புஜர் கோயிலில் உள்ளவை. அவற்றின் காலம் கி.பி. 876. கம்போடியாவின் சம்போர்க் கல்வெட்டில் சக ஆண்டு 605 என்பது சூனியப் புள்ளியுடன் பொறிக்கப்பட்டுள்ளது, அது கி.பி. 683. ஆரியபட்டரின் நூலுக்குரிய காலம் கி.பி. 499. இவை யாவற்றினும் முற்பட்ட ஆண்டைத் தன்னுள் தாங்கிய நூல் என்பதாலேயே லோகவிபாகம் உலகக் கணித வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது.

இரட்டிக்கும் தீவுகளும் கடல்களும்

இவ்வெண் எங்கிருந்து வந்தது? ஆகமங்கள் கூறும் மத்திய லோகத்தின் அமைப்பை அறிந்தோர்க்கு விடை எளிது. நடுவே வட்டமான சம்புத் தீவு. அதன் குறுக்களவு ஒரு லட்சம் யோசனை. அதனை லவண சமுத்திரம் வளையமாகச் சூழ்ந்துள்ளது. அதனைத் தாதகி கண்டமும், அதனைக் காளோததியும், அதனைப் புஷ்கரவரத் தீவும் சூழ்கின்றன. இவ்வாறு தீவும் கடலும் மாறி மாறி வளர, ஒவ்வொரு வளையத்தின் அகலமும் முந்தியதைப் போல் இருமடங்கு. புஷ்கரவரத்திலிருந்து கடலுக்கும் தீவின் பெயரே பெயராகும். லட்ச யோசனைக் கணக்கில் அவ்வகலங்கள் பின்வருமாறு அமையும்.

சம்புத் தீவு – 1
லவண சமுத்திரம் – 2
தாதகி கண்டம் – 4
காளோததி – 8
புஷ்கரவரத் தீவு – 16
புஷ்கரவரக் கடல் – 32
வாருணிவரத் தீவும் கடலும் – 64, 128
க்ஷீரவரத் தீவும் கடலும் – 256, 512
கிருதவரத் தீவும் கடலும் – 1024, 2048
க்ஷௌத்ரவரத் தீவும் கடலும் – 4096, 8192
நந்தீசுவரத் தீவு – 16,384
நந்தீசுவரக் கடல் – 32,768
அருணவரத் தீவு – 65,536
அருணவரக் கடல் – 1,31,072

நந்தீசுவரத் தீவின் அகலம் 163 கோடியே 84 லட்சம் யோசனை என்பது பூசைகளில் பலரும் கேட்டறிந்த அளவு. ஆஷாட, கார்த்திக, பால்குன மாதங்களில் வளர்பிறை அட்டமி முதல் பௌர்ணமி வரை அட்டாஹ்னிக விழாவில் போற்றப்படும் 52 ஜினாலயங்கள் அத்தீவில் உள்ளன. திசைக்குப் பதின்மூன்றாக நான்கு திசைக்கும் 52. அத்தீவுக்கு அப்பால் மூன்றாவது வளையமாக வருவது அருணவரக் கடல். அதன் அகலம் 1,31,072 லட்சம் யோசனை. லோகவிபாகத்தின் பேரெண்ணும் அதுவே.

அவ்வெண்ணைப் பதினேழு முறை பாதியாக்கினால் சரியாக ஒரு லட்சம் வரும். அதாவது அருணவரக் கடலிலிருந்து சம்புத் தீவுக்கு வந்து சேரலாம். ஆகவே, அது பார்ப்போரை மலைக்க வைப்பதற்காக எழுதப்பட்ட பெருந்தொகையன்று. ஒரே விதியைப் பதினேழு முறை வழுவாமல் கையாண்டு பெற்ற விடை.

இவ்வளையங்களுக்கு மற்றோர் அழகிய இயல்பும் உண்டு. எந்த வளையத்தை எடுத்தாலும், மேருவின் நடுவிலிருந்து அதன் உட்கரை வரையுள்ள தொலைவைவிட அதன் அகலம் ஒன்றரை லட்சம் யோசனை மிகுதியாக இருக்கும். லவண சமுத்திரத்தின் உட்கரை அரை லட்சம் தொலைவில் உள்ளது. அகலம் இரண்டு லட்சம். தாதகி கண்டத்தின் உட்கரை இரண்டரை லட்சம் தொலைவில். அகலம் நான்கு லட்சம். அருணவரக் கடலுக்கும் இதே வேறுபாடுதான். இன்னும், ஒரு வளையத்தின் அகலத்தை நான்கால் பெருக்கி மூன்று லட்சத்தைக் கழித்தால் அதன் வெளிக்கரையின் முழுக் குறுக்களவு கிடைக்கும். லவண சமுத்திரத்துக்கு ஐந்து லட்சம், தாதகி கண்டத்துக்குப் பதின்மூன்று லட்சம், காளோததிக்கு இருபத்தொன்பது லட்சம். புஷ்கரவரத்தின் உட்பாதியை இருபுறமும் எட்டு எட்டாகச் சேர்த்தால் மனித உலகத்தின் அளவாகிய 45 லட்சம் வரும். அருணவரக் கடலின் வெளிக்கரைக் குறுக்களவு இவ்விதிப்படி 5242 கோடியே 85 லட்சம் யோசனை.

பாதியாக்கும் கணக்கு

ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதற்குச் சமண நூல்கள் ஒரு பெயரே இட்டுள்ளன. அதுவே அர்த்தச்சேதம். பதினாறைப் பாதியாக்கினால் எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என நான்கு படிகள். எனவே பதினாறின் அர்த்தச்சேதம் நான்கு. முப்பத்திரண்டுக்கு ஐந்து. கி.பி. 816இல் நிறைவுற்ற தவளா உரையில் வீரசேனர் இதனை விரிவாக ஆள்கிறார். இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்களைக் கூட்ட வேண்டும் என்பது அவர் கையாளும் விதிகளுள் ஒன்று. மூன்றால் வெட்டுவதற்கும் நான்கால் வெட்டுவதற்கும் தனிப்பெயர்கள் அவ்வுரையில் உள்ளன. ஐரோப்பாவில் ஸ்காட்லாந்து நாட்டு ஜான் நேப்பியர் 1614இல் மடக்கை என்னும் கணிதமுறையை வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் அதே கருத்து அதற்கு அடிப்படை. நேப்பியர் அதைக் கொண்டு எல்லா எண்களுக்கும் பயன்படும் அட்டவணை செய்தார். வீரசேனரோ உயிர்களின் தொகையையும் உலகின் அளவையும் உரைப்பதற்கு அக்கருத்தைக் கருவியாகக் கொண்டார்.

லோகவிபாகத்தின் எண்ணை இம்முறையில் பார்த்தால் பதினேழு முறை பாதியாக்கியபின் ஒரு லட்சம் வருகிறது. அந்த ஒரு லட்சத்தை மேலும் ஐந்து முறை பாதியாக்கலாம். இறுதியில் 3125 நிற்கும். அது ஐந்து ஐந்துகளைப் பெருக்கிய தொகை. ஆகவே 22 இரண்டுகளையும் 5 ஐந்துகளையும் பெருக்கினால் அப்பேரெண் உருவாகும். வேறெந்தப் பகா எண்ணும் அதில் இல்லை. அதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 138.

இவ்வமைப்பினால் விளையும் பயனை ஏடு பெயர்ப்போர் நன்கறிவர். ஆறு இலக்கங்களில், இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போவதால் வரும் எண்கள் மூன்றே: 131072, 262144, 524288. ஓர் ஏட்டில் 131072இன் ஒரே ஓர் இலக்கம் பிழையாக எழுதப்பட்டாலும், அருகருகே உள்ள இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும், கிடைக்கும் எண் இம்மூன்றனுள் ஒன்றாக இராது. பாதியாக்கிப் பார்ப்பவர் சில படிகளுக்குள் ஒற்றைப்படை எண்ணில் போய் முட்டிக்கொள்வார், பிழை வெளிப்பட்டுவிடும். சிம்மசூரியின் பெயர்ப்பு எக்காலத்தது ஆயினும், ஏடுகள் எத்தனை கை மாறி வந்தனவாயினும், இந்த எண் பிழையின்றி வந்து சேர்ந்துள்ளது என்பதை இன்றும் எவரும் தாளும் எழுதுகோலும் கொண்டு உறுதிசெய்யலாம்.

29 இலக்கங்கள்

இதே இரட்டிப்பு வழியில் பிறந்த இன்னும் பெரிய எண் ஒன்று சமண நூல்களில் உண்டு. இரண்டின் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. அடுத்து 256. அடுத்து 65,536. ஐந்தாம் வர்க்கம் 4,29,49,67,296. ஆறாம் வர்க்கம் 1,84,46,74,40,73,70,95,51,616. இவ்வரிசைக்குத் துவிரூப வர்க்க தாரை என்று பெயர். நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தியின் திரிலோகசாரம் கூறும் பதினான்கு தாரைகளுள் இதுவும் ஒன்று. நான்காம், ஐந்தாம், ஆறாம் வர்க்கங்களுக்குப் பண்ணட்டி, பாதாலம், ஏகட்டி என்று பிராகிருதத்தில் செல்லப்பெயர்கள் வழங்கின. முறையே 65, 42, 18 எனத் தொடங்கும் எண்கள் என்பது அப்பெயர்களின் பொருள். அடிக்கடி புழங்கும் பொருளுக்கே சுருக்கப்பெயர் அமையும்; இவ்வெண்கள் அவர்களுக்கு அத்துணைப் பழக்கமானவை.

ஐந்தாம் வர்க்கத்தில் 32 இரண்டுகளும், ஆறாம் வர்க்கத்தில் 64 இரண்டுகளும் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் 96 இரண்டுகள். அத்தொகை:

79,22,81,62,51,42,64,33,75,93,54,39,50,336

இது 29 இலக்கங்கள் கொண்ட எண். பர்யாப்த மனிதர்களின் தொகையாக நேமிசந்திரரின் கோம்மடசாரம் இதனைக் கூறுகிறது. சிரவணபெளகொளாவில் பாகுபலியின் பேருருவை நிறுவிய சாமுண்டராயரின் ஆசிரியர் நேமிசந்திரர். அவர் இந்த 29 இலக்கங்களையும் ஒரே காதையில் எழுத்துகளாக அடக்கியுள்ளார். அம்முறைக்குக் கடபயாதி என்று பெயர். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும். கருநாடக இசையில் மேளகர்த்தா இராகங்களின் பெயரைக் கொண்டு எண்ணைக் காண்பது இம்முறையால்தான். மேசகல்யாணியில் 'மே' ஐந்து, 'ச' ஆறு. திருப்பிப் படித்தால் 65ஆம் மேளம். தீரசங்கராபரணத்தில் 'தீ' ஒன்பது, 'ர' இரண்டு; திருப்பினால் 29.

இங்கே தமிழ்ச் சமணர்க்குரிய செய்தி ஒன்று உண்டு. தமிழில் ஒரே தகரம்தான். கடபயாதியிலோ நான்கு தகரங்கள். அவை முறையே 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களைக் குறிக்கும். கோம்மடசாரக் காதையில் 6ஐக் குறிக்கும் தகரமும் 9ஐக் குறிக்கும் தகரமும் கலந்து வருகின்றன. ககரத்திலும் 2ஐக் குறிப்பதும் 3ஐக் குறிப்பதும் உள்ளன. அதனைத் தமிழெழுத்தில் மட்டும் எழுதினால் பாட்டின் ஓசை ஒருவாறு நிற்கும், எண் அழிந்துவிடும். நம் முன்னோர் ஆகம ஏடுகளைக் கிரந்த எழுத்தில் எழுதிக் காத்ததன் தேவை இவ்வொரு காதையாலேயே விளங்கும். அவ்வெழுத்து மங்கினாலும் எண்ணை மீட்க வழி உண்டு. 29 இலக்கங்களில் இரண்டின் அடுக்காக வருவனவும் மூன்றே. அவற்றுள் பெரியது இது. இலக்கங்களைக் கூட்டினால் 127. அதனை ஒன்பதால் வகுத்தால் மீதி 1. 96 இரண்டுகளைப் பெருக்கிய தொகையை ஒன்பதால் வகுத்தாலும் மீதி 1 வர வேண்டும் என்பது கணித விதி. இரண்டும் பொருந்துகின்றன.

கணினித் துறையில் பணிபுரியும் இளைஞர்களுக்கு இவ்வெண் புதிதன்று. இரண்டின் அடுக்குகளிலேயே கணினி இயங்குகிறது. இணையத்தின் நான்காம் பதிப்பு முகவரி முறையில் அமையக்கூடிய முகவரிகளின் தொகை ஐந்தாம் வர்க்கமே. சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்து வைக்கும் நெல்மணிகளின் மொத்தம் ஆறாம் வர்க்கத்தில் ஒன்று குறைவு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் டாட் நெட் தளத்தில் டெசிமல் என்னும் எண்வகை தாங்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பு, கோம்மடசாரத்தின் 29 இலக்க எண்ணில் சரியாக ஒன்று குறைவு. முன்னோர் கணினியை அறிந்திருந்தனர் என்பது இதன் பொருளன்று. இரண்டால் பெருக்கும் விதி ஒன்றே. அதனை யார், எந்நாட்டில், எந்நோக்கத்துக்குக் கையாண்டாலும் விடையும் ஒன்றே.

வீரசேனரின் ஆராய்ச்சி

இப்பெரிய எண்ணை ஆசாரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றனரா என்றால் இல்லை. சட்கண்டாகமத்தின் சூத்திரம் மனிதத் தொகைக்கு இரண்டு எல்லைகளைக் கூறுகிறது. அது கோடியை மூன்று முறை பெருக்கியதற்கு மேற்பட்டது, நான்கு முறை பெருக்கியதற்குக் கீழ்ப்பட்டது என்பது ஒன்று. ஆறாம் வர்க்கத்துக்கு மேற்பட்டது, ஏழாம் வர்க்கத்துக்குக் கீழ்ப்பட்டது என்பது மற்றொன்று. 96 இரண்டுகளின் பெருக்கம் இரண்டாம் எல்லைக்குள் அடங்குகிறது. முதல் எல்லையையோ மீறுகிறது. நான்கு கோடிகளின் பெருக்கம் என்பது ஒன்றும் அதன்பின் 28 சூனியங்களும். அதுவும் 29 இலக்கமே. இலக்கங்களை மட்டும் எண்ணுவோர்க்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். உண்மையில் முன்னது பின்னதைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கு பெரிது.

வீரசேனர் இதனைக் கண்டார். கண்டதோடு அமையாமல், 45 லட்சம் யோசனைக் குறுக்களவுள்ள மனித உலகின் பரப்பைக் கணக்கிட்டு, அதில் அத்துணைப் பேர் அடங்குவரா என்று ஆராய்ந்தார். அடங்கார் என்று காட்டினார். ஆசாரியர் சிலர் உரைத்த தொகையாயினும் சூத்திரத்தோடும் கணக்கோடும் பொருந்துகிறதா என்று பார்த்தே கொள்ள வேண்டும் என்பது அவர் வழி. அவருக்குப் பின் வந்த நேமிசந்திரர் 29 இலக்கத் தொகையைத் தம் நூலில் பதிவு செய்தார். ஒரு கருத்தைக் காப்பதற்காக மற்றதை அழிக்கும் வழக்கம் நம் மரபில் இல்லை. இரண்டும் ஏட்டில் நின்றன. கணக்கிட்டுப் பார்க்கும் பொறுப்பு படிப்போரிடம் விடப்பட்டது.

இச்சூத்திரத்துக்கும் தமிழகத்துக்கும் தொடர்பு உண்டு. தரசேன ஆசாரியரிடம் கற்ற இருவருள் புஷ்பதந்தர் வனவாசம் சென்றார் என்றும், பூதபலி தமிள தேசம் சென்றார் என்றும் தவளா கூறுகிறது. சட்கண்டாகமத்தில் தொகைகளை உரைக்கும் திரவியப் பிரமாணப் பகுதி முதலாக இயற்றியவர் பூதபலியே. ஆக, எண்ணின் எல்லையை வகுத்த சூத்திரகாரரும், இடமதிப்பு முறையில் எண் உரைக்கும் லோகவிபாகத்துக்கு மூலம் எழுதிய சர்வநந்தியும் தமிழ் மண்ணோடு தொடர்புடையவர்கள்.

ஏடும் எண்ணும்

தவளா உரையின் பனையோலைச் சுவடிகள் பல நூற்றாண்டுகள் மூடபித்ரியில் மட்டுமே காக்கப்பட்டு வந்தன. 1939 முதல் ஹீராலால் ஜைன் அதனைப் பதிப்பித்து வெளியிட்டபோதுதான் உலகம் அதன் கணிதத்தை அறிந்தது. லக்னோ பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் அவதேஷ் நாராயண் சிங் அதனை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, அர்த்தச்சேதத்தைக் கணித வரலாற்றில் இடம்பெறச் செய்தது. ஓர் ஊரில் ஒரு கட்டுச் சுவடி செல்லரித்திருந்தால் இவ்வறிவு முழுதும் மறைந்திருக்கும். சர்வநந்தியின் பிராகிருத மூலத்துக்கு அந்நிலையே நேர்ந்தது. திருக்கழுக்குன்றத்தில் கந்தசிஷ்யனின் கொடையைக் கல் காத்தது. லோகவிபாகத்தைச் சிம்மசூரியின் பெயர்ப்பு காத்தது. அவ்வாறு பெயர்த்தெழுத ஆள் கிடைக்காமல் மறைந்த நூல்களுக்குக் கணக்கில்லை.

தமிழ்ச் சமணக் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் பரண்மீது ஏட்டுக் கட்டுகள் இருக்கின்றன. கிரந்தம் படிக்கத் தெரிந்தவர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். சட்கண்டாகமம் நிறைவுற்ற நாளாகச் சுருத பஞ்சமியைக் கொண்டாடும்போது சுவடிகளை எடுத்துத் தூசு துடைத்து வழிபடுகிறோம். அந்நாளில் ஒரு கட்டையாவது அவிழ்த்து, அதன் நூற்பெயரையும் ஏட்டெண்ணிக்கையையும் எழுதிவைத்து, படிக்க வல்லாரிடம் காட்டிப் படமெடுத்துப் பாதுகாத்தால், அவ்வழிபாடு நிறைவு பெறும். வீட்டுப் பிள்ளைகளிடம் 131072 என்ற எண்ணைக் கொடுத்துப் பாதியாக்கச் சொல்லலாம். பதினேழாம் படியில் ஒன்று வந்து நிற்கும். கி.பி. 458இல் பாடலிகையில் அமர்ந்து உலகை அளந்த முனிவர் மரபு வழுவாமல் வந்து சேர்ந்திருப்பதை அப்பிள்ளைகள் தம் கையாலேயே எழுதிக் காண்பர்.